ஐந்து நாற்பதுக்கு இருட்டிய ஜன்னல்

கராச்சர்மா, போர்ட் பிளேர்
கார்த்திகை 24, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் ஆவுடையப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை நளினியின் கணவன் உதயசூரியன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். நளினியும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே தங்கள் முழங்கால் வலியும் கல்லிடைக்குறிச்சி மழையும் தாங்கக்கூடிய அளவில் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன், அதோடு முடிந்துவிடும். துறைமுக அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவனுக்குத் தாளில்தான் தைரியம் வரும்.

முதலில் என் சொந்தக் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் எந்த ஓட்டலிலும் எதையும் நான் சூடாகச் சாப்பிட்டதில்லை. டெய்ரி ஃபார்ம் என்று பெயருள்ள பேட்டையில் ஓர் ஓட்டலில் நெய் ரோஸ்ட் வரும், முறுமுறுவென்று வரும், வந்ததும் நளினி தட்டைத் தன் பக்கம் இழுத்து, தண்ணீர் டம்ளரை நகர்த்தி, என் கண்ணாடிக் கூட்டை எடுத்து என் மடியில் போட்டு, சட்னிக் கிண்ணத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, பிறகு நாற்காலியை விட்டு எழுந்து மேலிருந்து ஒரு படம், குனிந்து ஒரு படம், "ஏங்க, கைய எடுங்க, நிழல் விழுது" என்று எனக்கு ஓர் அதட்டல், அப்புறம் வெளிச்சத்தைத் திருப்பிவிட நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு தடவை எங்கள் பரோட்டா சரியாக உப்பவில்லை என்று பக்கத்து மேஜை வங்காளிக் குடும்பத்தின் பரோட்டாவை இரவல் வாங்கிப் படம் எடுத்தாள். அவர்களும் ஏதோ விரதம் போலிருக்கிறது என்று நினைத்து, படம் முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு மேல் வெளிச்சம் என்று ஒரு பஞ்சாயத்து. இங்கே இந்த மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். அதனால் எங்கள் இரவுச் சாப்பாடு நாலு மணிக்கு. ஏழு மணிக்கு மறுபடி பசிக்கும். அதற்கு வீட்டில் பழைய இட்லி, அதை யாரும் படம் எடுப்பதில்லை, சூடாகவே சாப்பிடலாம்.

இந்தக் குறையை நான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மச்சான், இதையும் எழுதத்தான் வேண்டும். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வண்டூருக்குப் போவோம். கடற்கரைக்குப் போகும் வழியில் ரெங்கம்மாவின் கடை, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர், மலைத்தோட்டத் தமிழும் தீவு இந்தியும் கலந்து பேசுவார். அங்கே ஜன்னலோர மேஜை எங்களுடையது. மீன் வரும். நளினி படம் எடுக்கத் தொடங்குவாள். நான் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பேன். மீனிலிருந்து ஆவி எழும்பி ஜன்னல் பக்கமாகச் சாயும், அந்த ஆவிக்குப் பின்னால் கடல் கொஞ்சம் அசைவது போலிருக்கும், படகுகள் தண்ணீரில் இல்லாமல் வெளிச்சத்தில் மிதப்பது போலிருக்கும். எதிர்த்தீவு முதலில் பச்சையாக இருக்கும், அப்புறம் நீலமாகும், அப்புறம் அது தீவா மேகமா என்று தெரியாது. ஆயிரம் கப்பலுக்குக் காகிதம் எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் கடலைப் பார்த்து உட்கார்ந்ததில்லை. "நளினியம்மா, போட்டோ முடிஞ்சிச்சாங்க? மச்லி டண்டா ஆகுது பாருங்க" என்று ரெங்கம்மா குரல் கொடுக்கும்போதுதான் நான் எங்கிருந்தோ திரும்பி வருவேன். மீன் ஜில்லென்று ஆறியிருக்கும். திட்டிக்கொண்டே சாப்பிடுவேன்.

படங்கள் எல்லாம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் போகும் என்பது தங்களுக்குத் தெரியும். கீழே ஒவ்வொரு தடவையும் 'சூடாக இருக்கிறது' என்று ஒரு வரி. நாற்பத்தோரு பேர் இருக்கிற குழுவில் அவள் காத்திருப்பது ஒரே ஆளுக்குத்தான். பள்ளிக்கூடப் பழக்கத்தில் நீங்கள் மார்க் போடுவீர்களே, 'தோசை 8/10, சட்னி தண்ணீர்' என்று, 'மீன் 7/10, எலுமிச்சை எங்கே?' என்று, அதற்கு. அது வந்த பிறகுதான் அவள் தட்டில் கை வைப்பாள். நீங்கள் குளிக்கப் போயிருந்த நாட்களில் அரை மணி நேரம் காத்திருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் நான்காம் தேதி ஞாயிறு, பஸ் வழியில் நின்றுபோய், ஐந்தேகாலுக்குத்தான் வண்டூர் போய்ச் சேர்ந்தோம். ஐந்து நாற்பதுக்குக் குழுவில் மீன் படம் வந்தது, ஜன்னலுக்கு வெளியே இருட்டு. அதற்கு நீங்கள் எழுதியதை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். 'இங்கே முற்றத்தில் இன்னும் வெயில் கிடக்கிறது. அங்கே மட்டும் இருட்டா? இது பழைய படம். யாரை ஏமாற்றுகிறாய்? 0/10.' மச்சான், பூஜ்யம்! நாற்பத்தோரு பேருக்கு முன்னால்!

முப்பத்துநான்கு வருடம் பூகோளம் நடத்தியவர் நீங்கள். தீர்க்கரேகைக் கணக்கைத் தப்பாகச் சொன்ன பையன்களை வெயிலில் நிறுத்தியவர். பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்று என் கல்யாணப் பந்தியில்கூட எனக்குப் பாடம் எடுத்தீர்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து எங்கள் தீவு ஏறக்குறைய அந்தப் பதினைந்து டிகிரி கிழக்கே கிடக்கிறது. கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், சூரியன் ஒன்றில்லை. உங்கள் முற்றத்தில் வெயில் கிடக்கும்போது எங்கள் ஜன்னலில் இருட்டு நிற்கும். உதயசூரியன் என்று பெயர் வைத்துக்கொண்டு அஸ்தமனத்துக்காக வக்காலத்து வாங்குவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நளினி பொய் சொல்கிறவளா? அந்த மீன் அன்று மேஜைக்கு வந்ததற்கு நானே சாட்சி. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் அவள் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அன்றிலிருந்து படம் இல்லை. இருபது நாளாகிறது. போன வாரம் டெய்ரி ஃபார்மில் நெய் ரோஸ்ட் வந்தது, என் முன்னாலேயே வைத்தாள். "சாப்பிடுங்க, ஆறிரும்" என்றாள். இரண்டு வருடம் நான் ஏங்கிய வார்த்தை. விரல் சுடச்சுடப் பிய்த்துச் சாப்பிட்டேன், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, என்ன சாப்பிட்டேன் என்றே தெரியவில்லை. வெளியே வந்தால் பொழுது அப்படியே இருக்கிறது. இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ஜன்னலைப் பார்க்காத சாப்பாடு எனக்கு இப்போது செரிக்கவில்லை. அவளுக்கு உங்கள் மார்க் வராத சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. பாதியில் எழுந்துவிடுகிறாள், மெலிந்துவிட்டாள், எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து, குழுவிலேயே, அந்த நாற்பத்தோரு பேருக்கு முன்னால், 'தீர்க்கரேகையை மறந்துவிட்டேன், படம் புதியதுதான்' என்று ஒரு வரி போட்டு, அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட வேண்டும். நியாயம் முழுக்க எங்கள் பக்கம் இருப்பதால் இதைக் கெஞ்சலாக இல்லாமல் கோரிக்கையாகவே எழுதுகிறேன்.

அங்கே மூத்தவர்களுக்கு எங்கள் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், தங்கள் முழங்காலுக்கு ஒரு வெந்நீர் ஒத்தடமும்.

இப்படிக்கு,
ஆறிய சாப்பாட்டுக்கு ஏங்கும்,
உதயசூரியன்

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. வண்டூரில், அதே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் என் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை நளினி எடுத்துப் படித்துவிட்டாள். இரண்டு தடவை படித்தாள். "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அந்த மீன் எங்க போச்சுன்னு எழுதலையே?" என்றாள். பிறகு சிரித்தாள், மச்சான், இருபது நாளுக்கப்புறம் முதல் தடவையாகச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். "அண்ணன் சொன்னது நெசந்தான? அதையும் எழுதுங்க."

எழுதுகிறேன். அன்று அவள் கை கழுவப் போயிருந்தாள். மீன் வந்தது. பஸ்ஸில் வந்த பசி. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிய்த்துப் பார்க்கலாம் என்றுதான் தொட்டேன். அவள் திரும்பி வந்தபோது தட்டில் முள்ளும் எலுமிச்சையும் இருந்தன. என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீங்கள் காத்திருப்பீர்கள் என்று, ஐப்பசியில் ஒரு மழை நாளில் இதே மேஜையில் இருட்டிய பிறகு எடுத்த படத்தைத் தேடி அனுப்பினாள். ஆகப் படம் பழையதுதான். உங்கள் காரணம்தான் தப்பு, தீர்ப்பு சரி. உண்மையைச் சொன்னால் நாற்பத்தோரு பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றுதான் அவள் அந்தப் பூஜ்யத்தைத் தானே வாங்கிக்கொண்டாள். அது என்னுடைய பூஜ்யம். என் பேருக்கு மாற்றிவிடுங்கள்.

மீன் இப்போதுதான் வந்தது. மணி ஐந்து நாற்பது, வெளியே இருட்டு, தூரத்தில் ஒரு படகின் விளக்கு மட்டும் தெரிகிறது. நளினி கைப்பையின் ஜிப்பைத் திறந்துவிட்டாள். டம்ளரை நகர்த்துகிறாள். என் இடது கை மேஜைக்கு அடியில் இருக்கிறது, வலது கையில் பேனா இருப்பதால் அதை நம்பலாம் என்று விட்டுவைத்திருக்கிறாள். மேலிருந்து ஒன்று, குனிந்து ஒன்று. இதோ, படத்தின் கீழே 'சூடாக இருக்கிறது' என்று எழுதுகிறாள். மீன் எப்போதோ ஆறிவிட்டது, மச்சான். அதற்கு மட்டும் மார்க் குறைத்துவிடாதீர்கள்.