ஆம்பூரின் உடைக்க முடியாத ஆப்

மனிதகுலம் இதுவரை செய்த பூட்டுகளிலேயே தலைசிறந்தது ஆம்பூரில், எங்கள் ஷூ கம்பெனியின் இரண்டாம் மாடியில் பிறந்தது என்பதை, தகவல் பாதுகாப்புக் கமிட்டியின் செயலாளர் என்ற முறையில் பணிவுடன் அறிவிக்கிறேன்.

பூட்டுக்குள் இருப்பது ஒரு மொபைல் ஆப். தோலைப் படமெடுத்தால் முதல் தரமா, இரண்டாம் தரமா, கழிவா என்று சொல்லிவிடும். இருபத்திரண்டு வருடமாகத் தோல் தரம் பிரிக்கும் அன்வரி பேகத்திடம் மூன்று நாள் கேட்டு எழுதிக்கொண்டு, எங்கள் சாஃப்ட்வேர் நவநீதன் செய்தது.

"எதிர்க் கம்பெனிக்காரன் ஆப்பைப் பிரிச்சுப் பார்த்துட்டா?" என்று கமிட்டியில் கேட்டேன்.

"விர்ச்சுவலைசேஷன் பண்ணிட்டேன் சார். எவனுக்கும் தெரியாத பாஷைல மாத்தி எழுதி, அந்தப் பாஷை மட்டும் தெரிஞ்ச ஒரு கற்பனை கம்ப்யூட்டரை ஆப்புக்குள்ளயே உட்கார வச்சுட்டேன். பிரிச்சாலும் புரியாது."

"உனக்கு?"

"எனக்கே புரியாது சார்!"

கமிட்டி கைதட்டியது. மாற்றி எழுதுவதற்கு முந்தைய ஒரிஜினலை யாராவது திருடிவிட்டால்? 'பாதுகாப்பு கருதி' அதை அழிக்கத் தீர்மானம் போட்டோம். ஆப் இருப்பதால் அன்வரி பேகம் 'உபரி' என்பது அடுத்த தீர்மானம்.

"மழை நாள் சமாச்சாரம் இன்னும் சொல்லலியே சார்" என்றார் அவர். "ஈரக் காத்துல தோல் நெறம் மாறிடும். அன்னிக்கு கையால வளைச்சுத்தான் பாக்கணும்."

"கமிட்டி முடிஞ்சுடுச்சும்மா."

"இன்னா சார், ரெண்டு நிமிஷம் கூடவா இல்ல?"

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அஜெண்டாவில் அதற்கு இடமில்லை. எல்லோரையும் போல கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டு அவர் போனார்.

மறுவாரம் மழை. ஆப் எல்லாத் தோலையும் 'கழிவு' என்றது. வெள்ளிக்கிழமை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். ஆப்பைத் திருத்துவதற்காகத் தன் பூட்டையே உடைக்க நவநீதன் மூன்று நாள் முட்டிமோதினான்.

"முடியல சார். செம ஸ்ட்ராங்!" என்றான். பாவம், அழுகையோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆர்டர் எதிர்க் கம்பெனிக்குப் போனது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அவர்கள் ஜன்னல் தெரியும். அங்கே அன்வரி பேகம் ஒரு தோலை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆப்பை அவர்கள் தொடக்கூட இல்லை.

ரகசியம் எப்படி வெளியே போனது என்று முதலாளி விசாரிக்கச் சொன்னார். விசாரித்தேன். கேட் ரிஜிஸ்டரில், அன்வரி பேகம் வேலையை விட்டுப் போன நாளின் பக்கத்தில் செக்யூரிட்டி சுப்பராயன் தெளிவாக எழுதியிருக்கிறார்: "அன்வரி பேகம். டிபன் பாக்ஸ் காலி. கம்பெனிப் பொருள் எதுவும் வெளியே போகவில்லை."

சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து.