மருமகனின் சப்பாத்துக்குச் சந்தனம் வைத்த விபரம்

கார்ஜ் லே கொனெஸ், பிரான்ஸ்,
பங்குனி 2016

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ராமசுப்பிரமணியன் ஐயா அவர்களுக்கு,

இவ்விடம் நான், மனைவி சாரதாதேவி, மகள் சாம்பவி மூவரும் இறையருளால் சுகம். சென்னையில் தாங்களும் சுலோசனா அம்மாவும் தேகசுகத்தோடு இருக்கவேண்டுமென்று பாரிஸ் லாச்சப்பல் பிள்ளையாரை நேற்றும் வேண்டிக்கொண்டேன். தங்கள் மகன் நிதிஷ் தம்பிக்கு அவ்வளவு சுகமில்லை என்பது தங்களுக்குத் தெரியும். ஏன் சுகமில்லை என்பதுதான் தெரியாது. அதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு நா எழவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் விடியமுதல் ரொறன்ரோவில் உள்ள என் தங்கச்சி வரைக்கும் போய்விடும். ஆகையால் கடையைச் சாத்திவிட்டு, அரிசி மூட்டைக்கு மேல் இருந்து, கையால் எழுதுகிறேன்.

போன கிழமை நான் தங்களிடம் என்ன சொன்னேன்? "பிரெஞ்சுக்காரன்ரை சறுக்குக்கட்டைப் பூட்டுச் சரியில்லை ஐயா, தம்பியின்ரை காலை முறிக்கப் பாத்தவங்கள்" என்றேன். தாங்களும் கொதித்துப்போய், "நான் சர்வீஸ் முழுக்கத் தரக்கட்டுப்பாட்டுல இருந்தவன் சார், அந்தக் கம்பெனியைச் சும்மா விடமாட்டேன், லெட்டர் போடறேன்" என்றீர்கள். ஐயா, அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து அனுப்பவேண்டாம். அனுப்பிவிட்டீர்கள் என்றால் பின்னாலேயே இன்னொன்றை அனுப்பி முதலாவதை விழுத்தவும். பூட்டிலே பிழை இல்லை. பிழை தங்கள் சம்பந்தியிலே.

விபரமாகச் சொல்கிறேன். நிதிஷ் தம்பியும் அவருடைய கந்தோரில் கூட வேலைசெய்யும் நண்பன் ழான்-லூக்கும் பனிமலைக்குப் போவது சும்மா சறுக்குவதற்கு அல்ல. கம்பியில் தொங்கி மேலே போய்க் கீழே சறுக்குகிறவர்கள் ஒரு வகை. இவர்கள் காலில் சறுக்குக்கட்டையோடேயே மலையில் நடந்து ஏறி, பிறகு அதே கட்டையில் சறுக்கி இறங்குகிற வகை. காசைக் கொடுத்து நாரி முறிய ஏறுகிறது என்ன பொழுதுபோக்கு என்று நான் கேட்கவில்லை, மருமகனாய் வரப்போகிறவரிடம் எல்லாம் கேட்க ஏலாது. ஏறும்போது குதிக்கால் கட்டையை விட்டு எழும்பவேண்டுமாம், முன்பக்கம் மட்டும் பிடித்திருக்கவேண்டுமாம். அதற்காகச் சப்பாத்தின், தாங்கள் ஷூ என்பீர்கள், அதன் மூக்கில் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன ஓட்டை. கட்டையில் இருக்கிற பூட்டிலிருந்து இரண்டு ஊசிமுனை வந்து அந்த ஓட்டைகளுக்குள் புகுந்து கவ்விக்கொள்ளும். தம்பி மலைக்குப் போகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் புதுச் சப்பாத்தும் புதுப் பூட்டும் வாங்கிக்கொண்டு எங்கட வீட்டுக்கு வந்து, வரவேற்பறைக் கம்பளத்தில் வைத்து எனக்குச் செய்துகாட்டினார். ழான்-லூக் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு காரில் வந்து ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

நான் கேட்டேன், "தம்பி, விழுந்தால் என்ன நடக்கும்?" அவர் சிரித்துக்கொண்டு, "விழுந்தா அதுவே கழண்டுக்கும் மாமா, அதான் சேஃப்டி" என்றார். "கழருறதுக்கு ஒரு பூட்டோ? கழருற பூட்டை எங்கட ஊரிலை உடைஞ்ச பூட்டு எண்டுதானே சொல்லுறது?" என்றேன். அவர் பொறுமையாக, "கழண்டுக்கலேன்னா கால் முறிஞ்சிடும் மாமா. கடையில வெயிட் எல்லாம் பாத்து டைட் பண்ணிக் குடுத்திருக்காங்க. ஜாஸ்தியும் ஆபத்து, கம்மியும் ஆபத்து" என்று விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கவில்லை, ஐயா. விளங்கினமாதிரித் தலையை ஆட்டினேன். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள், நான் விட்டது மற்றவர் காலை.

எங்கட வீட்டில் புதிதாய் வந்த எந்தச் சாமானும் சந்தனம் குங்குமம் வைக்காமல் பாவிக்கப்பட்டதில்லை. கார், குளிர்சாதனப்பெட்டி, மகளின் கணினி, எல்லாவற்றுக்கும் வைத்தோம். உடுப்புத் தோய்க்கிற மெசின் இன்றைக்கும் நெற்றிப்பொட்டோடுதான் சுற்றுகிறது. அப்படியிருக்க, மருமகப்பிள்ளை உயிரையே நம்பிக் கொடுத்துப் போகிற சாமானை வெறும் நெற்றியோடு அனுப்பலாமோ? தம்பி உள்ளே இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்துக்கொண்டு, சப்பாத்து வைத்திருந்த வெளி மாடத்துக்குப் போனேன். வலது சப்பாத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு ஓட்டையும் என்னைப் பார்த்தன. பொட்டு வைக்கிறதற்கென்றே கம்பெனிக்காரன் குழி விட்டு அனுப்பினமாதிரி இருந்தது. வைத்தேன். கழராமல் இருக்கவேணும் முருகா என்று சொல்லி, பெருவிரலால் நல்லாய் அமத்தியும் விட்டேன். மேலே கொஞ்சம் குங்குமம். இருட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அரோகரா.

பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும். மலையில் முக்கால்வாசி ஏறி, சரிவில் திரும்புகிற இடத்தில் தம்பியின் வலது கட்டை தானாகக் கழன்று பள்ளத்துக்குப் போனது. தம்பி மற்றக் கட்டையோடு உருண்டு, முழங்கால் திருகி, மீட்புக்காரர் வந்து சறுக்குவண்டிலில் படுக்கவைத்து இறக்கினார்கள். நல்லகாலம், அந்த இடத்தில் பாறை இல்லை. இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத இருந்திருக்கமாட்டேன்.

எனக்கு வந்த கோபம்! சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு, சாம்பவியையும் இழுத்துக்கொண்டு, சாட்சிக்கு ழான்-லூக்கையும் கூட்டிக்கொண்டு சாமான் வாங்கிய கடைக்குப் போனேன். அடுத்த சனிக்கிழமை, கடை நிறைந்த சனம். நான் மேசையில் சப்பாத்தை அடித்து வைத்து, "கெல் ஓந்த்! கெல் ஓந்த்!" என்று கத்தினேன். என்ன வெட்கக்கேடு என்று அர்த்தம், ஐயா. இவ்வளவு வருடம் பிரான்சில் இருந்து நான் திருத்தமாய் உச்சரித்த ஒரே பிரெஞ்சு அதுதான். சாம்பவி, "அப்பா, மெல்லக் கதையுங்கோவன், எல்லாரும் பாக்கினம்" என்றாள். "பாக்கட்டும்! என்ரை மருமகன்ரை காலுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றேன். கடைக்காரப் பிள்ளை பாவம், முகம் சிவந்துபோய் நின்றது.

ழான்-லூக் எனக்காக வாதாடத்தான் வந்தவர். நல்ல பொடியன். ஓட்டையைக் காட்டி ஏதோ சொல்லப் போனவர், நிறுத்தி, உற்றுப் பார்த்து, மேசையில் கிடந்த காகிதக் கவ்வியை நிமிர்த்தி உள்ளே விட்டுக் கிண்டினார். மஞ்சளாய் ஒரு கட்டி விழுந்தது. சீமெந்துமாதிரி இறுகியிருந்தது. இன்னும் கிண்டச் சிவப்பாய்த் தூள் வந்தது. அவர் அதை மணந்து பார்த்தார். கடைக்காரப் பிள்ளையும் மணந்து பார்த்தது. வாசம் நல்லாயிருக்கு என்று சொல்லிச்சுது, ஐயா. அந்தக் கடை முழுக்க எங்கட பூசையறை மணம். ஓட்டைக்குள் கொஞ்சம் பனி, கொஞ்சம் ஊத்தை அடைத்தாலே ஊசி முழுதாய்ப் புகாதாம், பிடித்தமாதிரிச் சத்தம் மட்டும் கேட்குமாம், அதனால் ஏறமுதல் துப்புரவாக்கிப் பார்க்கவேண்டுமாம். இதை ழான்-லூக் என்னைப் பார்த்துக்கொண்டு மரியாதையாகச் சொல்லிவிட்டு, "மெஸியே வரதராசா, இது என்ன?" என்று கேட்டார்.

சாம்பவி என்னைப் பார்த்தாள். எனக்குப் பார்க்கிற இடம் இல்லை. "பனியாயிருக்கும்" என்றேன். "மஞ்சள் பனியோ அப்பா?" என்றாள். வெளியே வந்ததும் நடுத்தெருவில் நின்று, "என்னப்பா செய்தனீங்கள்? அந்தாள் செத்திருந்தால்?" என்று அழுதாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை சொல்லக் கேட்டிருக்கிறேன், பிடித்தவனின் முகம் எப்படி இருந்தது என்று எவரும் சொன்னதில்லை. நான் அன்றைக்கு உடுப்புக்கடைக் கண்ணாடியில் பார்த்தேன்.

ழான்-லூக்கிடம் வாயைத் திறக்கவேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் தம்பிக்குச் சொல்லவில்லை. ஆனால் சாம்பவி வீட்டுக்கு வந்து தாயையும் வைத்துக்கொண்டு ஒரேயடியாய்ச் சொல்லிவிட்டாள்: "நீங்கள் வாய் திறந்து உண்மையைச் சொல்லுமட்டும் எனக்குக் கலியாணம் வேண்டாம். பொய்யைக் கொண்டு அந்த வீட்டுக்கு நான் போகமாட்டன்." சாரதாதேவி, "ஓம், பிள்ளை சொல்லுறது சரி" என்றாள். வைகாசிக்கு மண்டபம் எடுத்தாயிற்று. தாங்களோ படித்த குடும்பம், அறிவியலை மதிக்கிற மனுஷன். இந்த யாழ்ப்பாணத்துப் பலசரக்குக்கடைக்காரன் இரும்புக்குப் பொட்டு வைத்து எங்கட பிள்ளையைக் கொல்லப் பார்த்தான் என்று தாங்கள் நினைத்தால் அது முழு நியாயம். சம்பந்தம் வேண்டாம் என்றாலும் நியாயம். என்னை எவ்வளவும் ஏசுங்கோ. பிள்ளைகள் இருவரையும் மட்டும் பிரிக்காதேங்கோ, ஐயா. வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வேறு என்ன சொல்ல.

கடிதத்தை ஒட்டமுதல் நிதிஷ் தம்பியிடம் வாசிக்கக் கொடுப்பேன். அவர் எங்கட வீட்டுச் சோபாவில்தான் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறார். அவருக்கும் இன்றைக்குத்தான் தெரியப்போகிறது.

தங்கள் குடும்பத்துக்கு எல்லா நலனும் கிடைக்கட்டும், என் கைபடாமல் கிடைக்கட்டும். இக்கடிதத்தைச் சுலோசனா அம்மாவுக்கும் வாசித்துக் காட்டவும். அவருடைய காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் சம்பந்தி,
வரதராசா

பிற்குறிப்பு: தம்பி வாசித்துவிட்டார். முதலில் சிரித்தார், சிரிக்க முழங்கால் நொந்து நிறுத்தினார். பிறகு சொன்னார்: "மாமா, நீங்க வச்ச சந்தனத்தை அன்னிக்கு நைட்டே கார்ல போறப்போ பாத்துட்டேன். பல்குச்சியால நோண்டி எடுத்துட்டேன். கடையில விழுந்தது அம்மாவோடது." மறுநாள் காலமை மலையடிவாரத்தில் சுலோசனா அம்மா வீடியோவில் கூப்பிட்டு, தான் கொடுத்துவிட்ட கோயில் சந்தனத்தையும் குங்குமத்தையும் தன் கண் முன்னாலேயே வைக்கச் சொன்னாராம். வலது சப்பாத்தைக் காட்டி எங்கே வைப்பது என்று தம்பி கேட்க, "ரெண்டு குழி இருக்கே கண்ணா, அங்க நல்லா அமுக்கி வை" என்றாராம். பிறகு துடைக்கலாம் என்று நினைத்தவர் மறந்துவிட்டார். தாங்கள் கத்துவீர்கள் என்ற பயத்தில் இதுவரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டு வந்து, திரும்ப ஒரு பொய் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ஐயா, மேலே உள்ளதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன், அதில் மாற்றமில்லை, ஆனால் இந்தக் கடைசித் துண்டைக் கிழித்துவிட்டு வாசித்துக் காட்டுங்கோ. அவவை ஒன்றும் கேட்காதேங்கோ. பெற்ற தாய், தன்ரை கையாலை தன்ரை பிள்ளையை விழுத்தினேன் என்று அறிந்தால் அந்த வெட்கத்தைத் தாங்கமாட்டா. எவ்வளவு பாரம் என்று இந்த ஒரு கிழமையாய்ச் சுமந்த எனக்குத் தெரியும். அந்தச் சந்தனம் என்ரையாகவே இருக்கட்டும்.