விருந்தாளிக்குப் போர்த்திய மேலங்கி

மார்ச் பதினேழு, காலை பத்தே காலுக்கு, கிர்கிஸ் வரலாறு கோக்பெல் ஊர் அருங்காட்சியகத்தில் இளைஞர்களிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. பெற்றுக்கொள்ள ஏழு பேர் வந்திருந்தார்கள். அறிக்கையில் இது 'இளைஞர் வெள்ளம்'.

மேசையில் இரண்டு வெல்வெட் மேலங்கிகள். ஒன்றுக்கு வயது நூற்று நாற்பது. காப்பாளர் பூபுசாரா கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றது. மற்றது, அதைப் பார்த்து அந்த ஏழு பேரும் பன்னிரண்டு சனிக்கிழமைகள் தைத்தது. பழசாகத் தெரிய வேண்டுமே என்று அதைக் கறுந்தேநீரில் ஊறப்போட்டார்கள். பூச்சி அரித்த மாதிரி கத்தரியால் ஓட்டை போட்டார்கள். அசலைப் பூச்சி அண்ட பூபுசாரா ஒருநாளும் விட்டதில்லை.

தலைநகரத்து அதிகாரி தலைமை தாங்கினார். விருந்தாளியை மேலங்கி போர்த்தாமல் அனுப்பக் கூடாது. அதற்கென்று சந்தையில் வாங்கிய அங்கி அதிகாரியின் முழங்கையைத் தாண்ட மறுத்துவிட்டது.

இயக்குநர் எசென்குல் கலங்கவில்லை. மேசைக்குப் போனார். இரண்டில் நல்லதாகப் பார்த்து எடுத்து வந்து போர்த்தினார்.

"எங்க பிள்ளைங்க தச்சது."

தைத்தவர்களில் மூத்தவள் அய்கானிஷ். "அக்கா, அது..." என்றாள்.

"தெரியும்டி. கைதட்டு," என்றாள் பூபுசாரா. போர்த்தியதைத் திருப்பிக் கேட்டால் ஏழு தலைமுறைப் பாட்டன்மாருக்கும் இழுக்கு.

அதிகாரி தையலைத் தடவினார். "கொஞ்சம் கோணல்தான். பழகப் பழக வந்துடும்."

கார் போனது. அங்கியும் போனது.

"அண்ணே, போனது அசல்," என்றாள் பூபுசாரா.

எசென்குல் மேசையில் மிஞ்சியதைப் பார்த்தார். கறை. ஓட்டை. "இதுதானே அசல்?"

"இதைப் போன வியாழக்கிழமைதான் ஊறப்போட்டோம்," என்றாள் அய்கானிஷ்.

எசென்குல் மாபெரும் முடிவு எடுப்பவரைப் போல ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. இதைக் கண்ணாடிப் பெட்டியில வைங்க. நூத்தி நாப்பது வருஷம்னு அட்டை அப்படியே இருக்கட்டும். இளைஞரும் மரபும் ஒண்ணாகணும்னுதானே திட்டம் போட்டோம்? ஆயாச்சு."

"நான் அசலுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன், அண்ணே. நாளைக்குச் சோதனை வந்தா நான்தான் திருடி."

"கையெழுத்து அசல்தானே? போதும்."

அய்கானிஷ் தேநீர்க் கறை அங்கியைப் பெட்டியில் வைக்காமல் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எங்களை இங்க வந்து பழசைப் பாக்கச் சொன்னீங்க, பாத்தோம். நீங்க இந்தப் பெட்டிய ஒருநாளாவது பாத்திருக்கீங்களா, ஐயா?"