வீட்டில் எத்தனை பேர்?

"வசிப்போர் எண்ணிக்கை" என்ற கட்டத்தின் முன்னால் சர்வேயர் முக்கால் மணி நேரமாகப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

டேங்க் கம்பெனி கொடுத்திருந்த பாரத்தின் மற்ற கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்பியாகிவிட்டது. செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, சுவரிலிருந்து எத்தனை அடி, மூடி எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முப்பத்திரண்டு வருஷம் ஊரார் நிலத்தைச் சங்கிலி பிடித்து அளந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் சர்வேயர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. இந்த ஒரு கட்டம் மட்டும் சண்டித்தனம் செய்தது.

மழைக்கு முன்னால் தெருவின் பதினோரு வீட்டு டேங்குகளையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று தெருச் சங்கம் முடிவு செய்திருந்தது. வழிந்த பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைவிட, எந்த வீட்டுக்கு எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை லாரி வர வேண்டும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுக்கொள்வது நல்லதுதானே. அதற்கு ஆள் கணக்கு வேண்டும். ஆள் கூடினால் கசடு கூடும்.

அவருடைய மனைவி போய் நாலு வருஷம். மகனும் மகளும் ஆளுக்கொரு திசையில். "1" என்று எழுத வேண்டியதுதான். எழுதினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். "தனியாவா இருக்கீங்க?" என்று குரலை இறக்கிக் கேட்பார்கள். அந்தக் குரலுக்குப் பயந்து அவர் முடிவெட்டும் கடையையே மாற்றியவர். தவிர, தன் கையாலேயே ஒன்று என்று எழுதிவிட்டால் அது ஊர்ஜிதமாகிவிடும் போலிருந்தது.

நாலு என்று எழுதினார். ஒரு காலத்தில் சரியாக இருந்த கணக்குதான்.

மறுநாள் காலை டேங்க் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், நாலு பேர்னு போட்டிருக்கீங்க. சுத்தம் பண்ணி ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னும் வழியலையா?"

"இல்லம்மா."

"அதெப்படி சார்?"

மகனும் மருமகளும் பாதி நாள் வெளியூரில் இருப்பார்கள் என்றார். இப்போது இருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள், நேற்றுத்தான் வந்தார்கள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் கூட வந்திருக்கிறார்கள் என்று வாய் தன்போக்கில் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஒரு மச்சினரையும் சேர்த்துவிட்டார். அவர் மனைவியோடு பிறந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

"அப்ப ஏழு பேர். அவசரம்னு குறிச்சுக்கறேன் சார்."

குறித்துக்கொண்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பொறுப்பான பெண். சர்வேயர் வீட்டில் ஏழு பேர், ஒன்பது வருஷமாகச் சுத்தம் செய்யவில்லை, அக்கம்பக்கத்தார் கவனமாக இருக்கவும் என்று, டேங்க் வேலைக்காக அவளையும் சேர்த்திருந்த தெருவின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள்.

பத்தாவது நிமிஷம் எதிர்வீட்டு டீச்சர் வாசலில் நின்றார். அந்த வீட்டில் எந்நேரமும் பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு வயிறெரிவதுதான் சர்வேயருக்கு மாலைப் பொழுதுபோக்கு.

"பேரப்பிள்ளைங்க வந்திருக்காங்களாமே, சத்தத்தையே காணோம்?"

"தூங்கறாங்க டீச்சர்."

"மணி பதினொண்ணு ஆகுதே."

"பயணக் களைப்பு."

உள்ளே வாங்க என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. யாராவது வந்து எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினார். ஆனால் ஏழு பேருக்கு எங்கே போவது? கதவை மறைத்துக்கொண்டு நின்றார். டீச்சரும் தன் வீட்டில் ஒரே கூட்டம், நிற்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அன்று முதல் சர்வேயர் ஏழு பேராக வாழத் தொடங்கினார். இரண்டு அறைகளிலும் ரேடியோ பாடியது. சத்தம் மட்டும் போதாது, டேங்கும் சாட்சி சொல்ல வேண்டுமே என்று காலையில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஏழு தடவை ஃப்ளஷ் செய்தார். மச்சினர் நிறையக் குளிப்பவர் என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டார். மூன்றாம் நாள் மோட்டார் புகைந்தது. நாலாம் நாள் டேங்க் மூடியைச் சுற்றி மண் சேறாகி, நாற்றம் தெருமுனைவரை போனது. ஏழு பேர் என்றால் சும்மாவா என்று குழுவில் எல்லோரும் அனுதாபப்பட்டார்கள்.

அவசரம்தான், ஆனால் பெரிய குடும்பம், நேரம் பிடிக்கும் என்று அவர் வீட்டைக் கடைசியாக வைத்தார்கள். லாரி வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

லாரிக்காரர் நீளமான கம்பின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, டேங்கின் அடிவரை இறக்கி, சற்றுப் பொறுத்து எடுத்தார். துணியில் கறுப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அவ்வளவு கசடு. ஒரு சாண்கூட இல்லை. அளந்தே பிழைத்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எவ்வளவு தண்ணீரைக் கொட்டினாலும் கசடு ஏறாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இங்க ஏழு பேரா சார்?"

"மச்சினர் கிளம்பிட்டார்."

லாரிக்காரர் கறுப்பு ஏறிய இடத்தில் சாண் வைத்துப் பார்த்தார்.

"பேரப்பிள்ளைங்களுக்கும் ஸ்கூல் திறந்துட்டாங்க."

அவர் கம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சர்வேயருக்குக் கண்கள் கலங்கின.

"மகன் வந்தே மூணு வருஷமாச்சுப்பா. வீட்டம்மா தவறிட்டா. நான் மட்டும்தான் இருக்கேன். தெருவுல சொல்லிடாதீங்க. இத்தனை குடும்பத்துக்கு நடுவுல நான் ஒருத்தன் இப்படி இருக்கேன்னு தெரிஞ்சா வெளியில தலைகாட்ட முடியாது."

லாரிக்காரர் துணியை அவிழ்த்து வாளியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த பாரங்களை எடுத்து ஒருமுறை புரட்டிவிட்டு, வாசல்களில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"காலையிலேர்ந்து பதினோரு டேங்க் திறந்துட்டேன் சார். பாரத்துல இந்தத் தெருவுக்கு ஐம்பத்தாறு பேர். டேங்க்ல பார்த்தா பதினோரு பேர்தான்."