செல்வினுக்கு ஒரு சீட்

சப்பாத்தி மாவின் மேல் செல்வின் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் ஆக்ஸிலியா சமையலறைக்குள் வந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"அளவு எடுக்கிறேன்."

"என் மாவு மேலயா?"

"பிளாஸ்டிக் கவர் போட்டுத்தானே உக்காந்திருக்கேன்?" என்றான் செல்வின், ஏதோ பெரிய மரியாதை செய்துவிட்டவனைப் போல. எழுந்து, மாவில் விழுந்திருந்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவே அவளுடைய தையல் டேப்பை வைத்துப் பார்த்தான். "உக்காரும்போது ரெண்டு எலும்பு அழுத்துதுல்ல, அந்த இடைவெளிக்குத் தக்கன சைக்கிள் சீட் வாங்கணுமாம். வீடியோவுல சொன்னான்."

அன்று ராத்திரி அந்த வீட்டில் உப்புமா.

கொடைக்கானலில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் செல்வின், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்த டவுன்ஹில் சைக்கிளை வாங்கியிருந்தான். மலைச்சரிவில் தடதடவென்று இறங்குவதற்கென்றே செய்த வண்டி. ஆக்ஸிலியாவின் தையல் மெஷினை வராந்தாவுக்குத் துரத்திவிட்டு, ஹாலில் அது ராஜா மாதிரி நின்றது. சாரலில் மெஷின் துருப்பிடிக்கத் தொடங்கியதும் அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கோயில் திருவிழா சைக்கிள் ரேஸ்ல ஜெயிச்சா இது ஹால்லயே கெடக்கட்டும். தோத்தா இது வெளிய, மெஷின் உள்ள."

பள்ளிக்கூட டீச்சர். சொன்னால் சொன்னதுதான். தன் சைக்கிள் வராந்தாவில் நனைவதை நினைத்தாலே செல்வினுக்குச் சோறு இறங்கவில்லை.

ரேஸ், கோயில் கேட்டில் தொடங்கி இறக்கத்தில் ஏரி ரோடு வரை. சைக்கிளின் பழைய சீட் ரொம்ப உயரம். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஆளை முன்னால் கவிழ்த்துவிடும். ஆகவே மாவில் எடுத்த அளவைச் சொல்லி, மதுரையிலிருந்து புது சீட்டும் அதைத் தாங்கும் பைப்பும் பஸ்ஸில் வரவழைத்தான். மாட்டி உட்கார்ந்தான். பைப் ஒல்லி. சீட் அவனையும் சுமந்துகொண்டு மெல்ல மெல்லக் கீழே போய், பிரேமில் முட்டி நின்றது.

பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் ராஜமுருகன் எட்டிப் பார்த்தான்.

"இதெல்லாம் ஒரு சோலியா மாப்ள? கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி பைப்புல சுத்தி அடிச்சா கிண்ணுனு நிக்கும்."

அடித்தார்கள். கிண்ணென்று நின்றது. செல்வின் ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின.

"கொஞ்சம் எறக்குடா."

இறங்கவில்லை. எண்ணெய் விட்டார்கள், சுத்தியலால் தட்டினார்கள், வெந்நீர் ஊற்றினார்கள். சீட்டில் கயிறு கட்டி ஜீப்பால் இழுத்தான் ராஜமுருகன். சைக்கிள் முழுசாகத் தெருமுனை வரை போய் வந்தது. சீட் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்னங்க, கமிட்டி மீட்டிங்ல ரேஸ் ரூல்ஸ் சொல்றாங்களாம். போய்க் கேட்டுட்டு வாங்க," என்றாள் ஆக்ஸிலியா.

"ரேஸைப் பத்தி எனக்கு யாரு என்னத்தச் சொல்றது? வேணும்னா நீ போயிட்டு வா!"

அவள் போனாள்.

ஞாயிறு வெள்ளனே ராஜமுருகன் இரும்பு அறுக்கும் ரம்பத்தோடு வந்தான். அறுத்து முடித்தபோது சீட் அவன் கையில் இருந்தது. பைப்பின் மிச்சம் பிரேமுக்குள் புதைந்து கிடந்தது.

"இப்ப நான் எங்கடா உக்கார்றது?" செல்வினுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன் உக்காரணும்? எறக்கம்தானே, நின்னுக்கிட்டே போ. வெரசாப் போகலாம்."

கோயில் கேட்டில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி. விசில் ஊதியதுதான் தாமதம், செல்வின் நின்றபடியே பாய்ந்தான். முதல் வளைவிலேயே பின்னால் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரையும் அடித்துத் தூக்கிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

ரோட்டோரம் நின்ற கூட்டம், "ஏலே, மெதுவா! மெதுவா!" என்று கத்தியது. தன் உயிர் மேல் ஊருக்கு இத்தனை அக்கறையா என்று அவனுக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது. "பயப்படாதீங்க!" என்று கையசைத்துவிட்டு இன்னும் ஓங்கி மிதித்தான்.

ஏரி ரோட்டின் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தான். ஒரு ஈ காக்கை இல்லை. சைக்கிளைக் கட்டிக்கொண்டு அதன் ஹேண்டில்பாருக்கு முத்தம் கொடுத்தான். பிறகு, கோட்டுப் பக்கத்தில் போனும் விசிலுமாக நின்றிருந்த, கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் கஸ்பார் உபதேசியாரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"நம்ம வண்டி ஹால்லதான்! ஆக்ஸிலியா எங்க சார், அவ இதைப் பாக்கணுமே!"

கீழே இறக்கிவிடப்பட்ட உபதேசியார், கோணிப்போன கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏப்பா, இது ஸ்லோ சைக்கிள் ரேஸு, கடைசியா வர்றவுகளுக்குத்தான் கப்பு, சைக்கிள்ல வர்ற உன் சம்சாரம் இன்னும் கோயில் கேட்டையே தாண்டலையாம்!"