உறையில்லாத செம்புக் கம்பி பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் சலவை மெஷினும் சௌக்கியம். அங்கே நீங்களும், என் மகளும், மூன்று வாரமாக உங்கள் வீட்டில் இருக்கும் உங்கள் அத்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

அவள் ஏன் வந்தாள் என்று ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான். மெஷினைத் தொட்டால் சுரீரென்கிறது என்றாள். ஈரக்கையோடு தொட்டால் அப்படித்தான் என்றேன். "துணி துவைக்கிற மெஷினை ஈரக்கை இல்லாம எப்படிங்க தொடுறது? சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, வரேன்" என்று பெட்டியோடு கிளம்பிவிட்டாள். அது நியாயமான கேள்வி என்பதை அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, வீட்டு எர்த் கம்பி மண்ணுக்குள் அரித்துப் போய்விட்டது என்றார். அதுவரை எங்களுக்குள் சண்டையில்லை. புதுக் கம்பிக்கு அவர் பச்சை உறை போட்டது என்றார்; நான் உறையே இல்லாத வெறும் செம்பு என்றேன். பழைய பேப்பர் கடையில் வாங்கிய வயரிங் புத்தகம் என்னிடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். எர்த் பற்றிய அத்தியாயத்தில் பாதிப் பக்கங்கள் இல்லை. இருக்கும் பாதியில் தெளிவாகப் போட்டிருக்கிறான்: புதைக்கிற கம்பி வெறுமையாக இருந்தால் நீளம் முழுவதும் மண்ணைத் தொடும், கரண்ட் வழியெல்லாம் மண்ணில் இறங்கும். உறை போட்டுப் புதைப்பது சட்டையைப் போட்டுக்கொண்டு முதுகுக்கு சோப்புத் தேய்ப்பது மாதிரி என்றேன். "ஐயா, புதைக்கிற இடத்துக்கு நீங்க சொல்றது சரிதான். நான் சொன்னது சுவத்துல ஏறுற இடத்துக்கு" என்றார். 'சரிதான்' என்பதற்குப் பிறகு வந்த எதையும் நான் காதில் வாங்கவில்லை.

கடைக்குப் போனால், கடைக்காரர் பளபளவென்று ஒரு கம்பியை நீட்டினார். வெட்டிய முனையைப் பார்த்தேன், உள்ளே வெள்ளை.

"இது என்னய்யா?"

"மேல செம்புதாங்க."

"எனக்கு உள்ளேயும் செம்பு வேணும்."

கடைசியில் பென்சில் கனத்தில் ஒரே இழையாக அசல் செம்பு கிடைத்தது. ஆனால் எலக்ட்ரீஷியன் நாலு நாள் வரவில்லை. கொல்லையில் பனியில் கிடந்த கம்பி கறுத்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இரும்புக் கம்பியா சார்?" என்று கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றே எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, இனி ஜன்மத்துக்கும் கறுக்காதபடி ஒரு ஏற்பாடும் செய்து, நானே குழி வெட்டி, கம்பியைப் புதைத்து, கிளாம்பையும் முறுக்கிவிட்டேன். வேலை கச்சிதம். வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் உங்கள் அத்தையை ஏற்றிவிடவும். வாளியில் துவைத்து என் இடுப்பு போய்விட்டது என்பதற்காகச் சொல்லவில்லை.

குடும்பத்தோடு நோய்நொடியில்லாமல், ஷாக்கில்லாமல் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்குள் எலக்ட்ரீஷியன் மறந்துவிட்டுப் போன கட்டிங் பிளேயரைத் தேடி வந்தார். வந்தவர் சும்மா போகாமல் மீட்டரை வைத்துப் பார்த்து, "எர்த்தே வரலையே ஐயா" என்றார். ஓரடி தோண்டி, கம்பியை நகத்தால் சுரண்டினார். "இதுல என்னங்க பூசினீங்க?" கதவுக்கு வாங்கி மிச்சமிருந்த வார்னிஷ். இரண்டு கோட், முனையிலிருந்து முனைவரை. "நான் சொன்ன பச்சைக் கம்பியே தேவலைங்க. அதுல முனையாவது வெறுமையா இருக்கும்" என்றார். இதை நான் குழிக்குள் உட்கார்ந்து, உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுதுகிறேன். கம்பி வெறும் செம்புதான் என்பதில் இப்போதும் மாற்றமில்லை. இந்த ஞாயிறு வேண்டாம், அடுத்த ஞாயிறு அனுப்பவும். ஏன் என்று கேட்டால், ஈரக்கை விஷயத்தில் அவள் கேட்டது நியாயம்தான் என்று மாமா ஒப்புக்கொண்டதாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஆச்சரியத்தில் வேறெதுவும் கேட்க மாட்டாள்.