அறுபத்துநான்கு ஜிபியை வென்ற படலம்

இடுப்பின் அடிக்கணுவில் வலி என்னும் முரசு அல்லும் பகலும் அதிர, அதிர்ந்த இடுப்பை ஒரு கையால் தாங்கி, மறு கையால் தைலம் தடவி, கெலாங் பாத்தா தொழிற்சாலை வாசலில் ஸ்டூல்மேல் வீற்றிருந்த திருப்புளி ஏந்திய திண்தோளன், டெக்னீஷியன் மகேஸ்வரன் வாழ்க! அவன் இடுப்பும் வாழ்க, முடிந்தால்.

அவனுக்கு வாய்த்த பகை, தொழிலாளர் கட்டைவிரல் வைத்து வருகை பதியும் சுவர்ப்பெட்டி. சோப்பு டப்பா அளவே ஆன அதன் வயிற்றில் லினக்ஸ் என்னும் மென்பொருள் குடியிருந்தது. அதன் எட்டு ஜிபி நினைவக அட்டை நிரம்பி, இனி ஒரு விரலுக்கும் இடமில்லை என்று அது வாயடைத்துக் கிடந்தது.

"ரெண்டு மணி ஷிஃப்டுக்கு மெஷின் ஓடணும், மகேஸ். இல்லன்னா உன் சனிக்கிழமை லீவ மறந்துடு லா" என்று ஆணையிட்டருளினார் சூப்பர்வைசர் கமலநாதன். ஐந்து வாரத்தில் வரும் முதல் லீவு அது.

விடுவானா வீரன்? அறுபத்துநான்கு ஜிபி புது அட்டையில் மென்பொருளை ஏற்றிச் செருகினான். முதன்முறை கரண்ட் பாயும்போது பெட்டி தானே தன் எல்லையை விரித்து அட்டை முழுவதையும் ஆளும். அந்த வித்தை ஒரே ஒருமுறைதான் நடக்கும். பத்து நிமிடம் யாரும் கரண்டை நிறுத்தலாகாது. காலை பத்து மணிக்குச் சுவிட்சைத் தட்டிவிட்டு, வெற்றியை முன்கூட்டியே கொண்டாட, கேண்டீனில் ரொட்டி சானாய் இரண்டைக் கொன்று குவித்துத் திரும்பினான்.

பெட்டி விழித்திருந்தது. ஆனால் அந்தோ! ஐம்பத்தாறு ஏக்கர் காலியாகக் கிடக்க, ஒற்றை அறைத் தோட்ட லயத்துக்குள் ஒரு குடும்பமே சுருண்டு படுத்ததைப்போல, அதே எட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. அட்டை விற்றவனின் ஏழு தலைமுறையையும், லினக்ஸ் எழுதியவர்களின் எழுபது தலைமுறையையும் வாழ்த்திவிட்டு, அட்டையைத் துடைத்து, மென்பொருளை மீண்டும் ஏற்றி, பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி சுவிட்சைத் தட்டி, இம்முறை கண்கொட்டாமல் காவல் இருந்தான்.

சாப்பாட்டு மணி அடித்தது. துடைப்பம் ஏந்திய வெள்ளையம்மா, இருபது ஆண்டுகளாக அந்தத் தரையைக் கூட்டிவரும் மாதரசி, நிதானமாக வந்து சுவிட்சை நோக்கி விரலை நீட்டினார். இடுப்பை மறந்து பாய்ந்தான் மகேஸ்வரன். சாப்பாட்டுக்குக் கிளம்பி வாசலில் வரிசைகட்டிய எண்பது பேரும் திரும்பினார்கள்.

"கைய எடுங்க அக்கா! மூளை இருக்கா உங்களுக்கு? காலையிலயும் நீங்கதான் அடைச்சீங்களா?"

"ஆமா. காலையில டீக்கும் மத்தியானம் சோத்துக்கும் ரெஹாட் மணி அடிச்சா எல்லா சுவிட்சும் அடைக்கணும், முடிஞ்சா திரும்பப் போடணும். நோட்டீஸ் இருக்குல்ல?"

"எந்த மடையன் ஒட்டுனான்?"

துடைப்பக் கட்டை மெல்ல உயர்ந்து சுவரைக் காட்டியது. மின்சாரச் சிக்கன அறிவிப்பு. கீழே மகேஸ்வரனின் கையெழுத்து.

"நீதான் தம்பி. பிளாஸ்டிக் வேற போட்டு ஒட்டிருக்க."

வரிசை முழுக்கச் சிரிப்பு. "அலமாக்!" என்று அங்கலாய்த்தது ஒரு குரல். தன் அறிவிப்பின் கீழேயே, தன் அறிவிப்பிலிருந்து சுவிட்சைக் காக்க, இரு கை விரித்துப் பத்து நிமிடம் நின்றான் பெருவீரன். பெட்டி எட்டைக் கடந்தது, பதினாறை விழுங்கியது, முப்பத்திரண்டை மிதித்தது, அறுபத்துநான்கின் கடைக்கோடியில் கொடி நாட்டியது. இரண்டு மணிக்கு முதல் கட்டைவிரல் பதிந்து பச்சை விளக்கு எரிந்தது. "லீவு போ" என்று திருவாய் மலர்ந்தார் கமலநாதன். திசையெட்டும் அதிர நெட்டி முறித்தான் வென்றவன்.

வெள்ளையம்மாவிடம் அவன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.